குன்னூர் பண்பலையில் அந்த 20 சதவீதம்: உள்ளூர் நிகழ்ச்சியை வரையறுப்பதும் அளப்பதும்

2024 ஆகஸ்ட் 28 அன்று, நாடெங்கும் 234 புதிய ஊர்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் தமிழகத்துக்கு 11 ஊர்கள். அவற்றில் மலைமேல் இருப்பது குன்னூர் மட்டுமே. அதற்கு 3 அலைவரிசைகள். ஏலம் எடுப்பவர் யாராக இருந்தாலும் அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வரும். 2011ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை அதைச் சொல்கிறது: ஒரு நாளின் மொத்த ஒலிபரப்பில் குறைந்தது 20 சதவீதம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், அது உள்ளூர் உள்ளடக்கத்தை வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும்.

படிக்க எளிதாக இருக்கும் இந்த வாக்கியத்தை ஏமாற்றுவதும் எளிது. நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கும் முன்பே ‘உள்ளூர்’ என்றால் என்ன என்று எழுதி வைக்காவிட்டால், மூன்றே மாதத்தில் அந்த 20 சதவீதம் சினிமாப் பாட்டாலும் “குட் மார்னிங் குன்னூர்” என்ற குரலாலும் நிரம்பிவிடும். இந்த வழிகாட்டி நிகழ்ச்சிப் பொறுப்பாளராக உட்காரப் போகிறவருக்கானது. வெளியே இருந்து கணக்குக் கேட்க விரும்பும் மலைவாசிகளுக்குக் கடைசிப் பகுதி.

விதியைப் பிரித்துப் படியுங்கள்

முதலில் ‘ஒரு நாளின்’ என்ற சொல். வாரச் சராசரி, மாதச் சராசரி எதுவும் செல்லாது. செவ்வாயன்று 12 சதவீதம் போட்டுவிட்டு ஞாயிறன்று 40 போட்டால், செவ்வாய்க்கிழமை விதிமீறல்தான்.

அடுத்தது ‘மொத்த ஒலிபரப்பு’. நள்ளிரவில் கணினி தானாக ஓட்டும் பாட்டுகளும் இந்த மொத்தத்தில் சேரும். 24 மணி நேர நிலையத்துக்கு மொத்தம் 1,440 நிமிடம். 20 சதவீதம் 288 நிமிடம், அதாவது 4 மணி 48 நிமிடம். காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை மட்டும் ஒலிபரப்பினால் 1,080க்கு 216 நிமிடம். முதல் ஆண்டில் 18 மணி நேரமே ஒலிபரப்புவது நல்லது. கேட்க ஆளில்லாத ஆறு மணி நேரத்துக்காக 72 நிமிட உள்ளூர் நிகழ்ச்சியைக் கூடுதலாகத் தயாரிக்கும் சுமை குறையும்.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. உள்ளூர் மொழி, உள்ளூர் உள்ளடக்கம் இரண்டையும் கொள்கையின் ஆங்கில வாசகத்தில் ‘and’ (மற்றும்) என்ற சொல் இணைக்கிறது. தமிழில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் எல்லாத் தமிழ் நிலையமும் முதல் நாளே 100 சதவீதம் எடுத்துவிடும். விதிக்கு வேலையே இருக்காது. எடை முழுவதும் இரண்டாம் பாதியில் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதியை எப்படி அளப்பது என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. ஆகவே அளவுகோலை நிலையமே எழுதி, கையெழுத்திட்டு, தேதியிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

மற்ற நாடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

கனடாவில் பாட்டுக்கு நான்கு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள்: இசையமைத்தவர், பாடியவர், பதிவான அல்லது நேரடியாக நிகழ்த்தப்பட்ட இடம், வரி எழுதியவர். இவற்றுள் இரண்டு கனடாவைச் சேர்ந்ததாக இருந்தால் அது கனடியப் பாட்டு. வணிக நிலையங்கள் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாடல்களில் வாரத்துக்கு 35 சதவீதம் அப்படி இருக்க வேண்டும். அதோடு, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் மாலை 6 வரையிலான நேரத்திலும் தனியாக 35 சதவீதம் வர வேண்டும். நள்ளிரவில் கொட்டிக் கணக்கை முடிக்கும் வழியை இந்த இரண்டாம் நிபந்தனை அடைக்கிறது. நம் விதியில் நேரக் கட்டுப்பாடு இல்லை. அதனால் நிலையம் தன் அளவுகோலிலேயே இப்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்: உள்ளூர் நிமிடங்களில் மூன்றில் இரண்டு பங்கு காலை 6 முதல் இரவு 9க்குள் வரும்.

ஆஸ்திரேலியா சதவீதத்தை விட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டது. பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வணிக நிலையங்களுக்குப் பொது அளவு வேலைநாளுக்கு 3 மணி நேரம். அங்கே ‘உள்ளூர்’ என்பது அந்தப் பகுதியிலிருந்து தொகுத்து வழங்கப்பட்டதாகவோ, அங்கே தயாரானதாகவோ, அந்தப் பகுதியைப் பற்றியதாகவோ இருக்கலாம். மூன்றில் ஒன்று போதும். இது தளர்வான வரையறை. ஊரில் உட்கார்ந்த ஒருவர் எதைப் பேசினாலும் கணக்கில் வந்துவிடும். நமக்கு இதைவிடக் கொஞ்சம் இறுக்கம் வேண்டும்.

நான்கு மதிப்பெண் முறை

ஒவ்வொரு நிகழ்ச்சித் துண்டுக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

இடம்: நீலகிரி மாவட்டத்துக்குள் பதிவானதா, அல்லது அங்கிருந்து நேரடியாக வழங்கப்படுகிறதா?

ஆள்: முதன்மைக் குரல் மாவட்டத்தில் குடியிருப்பவருடையதா?

பொருள்: மலையைப் பற்றியதா? இதற்கு ஒரு சோதனை உண்டு. நிகழ்ச்சியில் ‘குன்னூர்’ என்று வரும் இடத்தில் ‘சேலம்’ என்று மாற்றிப் பாருங்கள். அப்படியே நின்றால் மதிப்பெண் கிடையாது.

மொழி: படுக மொழியிலோ, தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மொழிகளில் ஒன்றிலோ இருக்கிறதா?

இரண்டு மதிப்பெண் வாங்கினால் உள்ளூர். ஆனால் அந்த இரண்டில் ஒன்று பொருளாகவோ மொழியாகவோ இருந்தாக வேண்டும். இசைக்கு மட்டும் விலக்கு: மலையில் குடியிருப்பவர்கள் இங்கேயே பாடிப் பதிவுசெய்த சொந்தப் பாட்டுக்கு இடமும் ஆளும் போதும். சினிமாப் பாட்டை மறுபடி பாடியது இதில் சேராது.

இந்த முறையின் பயன் இழுபறியான இடங்களில்தான் தெரியும். குன்னூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆர்.ஜே. ஒரு நடிகரின் பிறந்த நாளைப் பற்றி நான்கு நிமிடம் பேசுகிறார். இடம் ஒன்று, ஆள் ஒன்று. பொருளும் மொழியும் இல்லை. உள்ளூர் ஆகாது. சென்னையில் தயாரித்து அனுப்பிய ‘ஊட்டியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பொருளுக்கு ஒன்று வாங்கும், அதோடு சரி. ஊட்டியில் படமெடுத்த சினிமாப் பாட்டுக்குப் பூஜ்யம், திரையில் எத்தனை தேயிலைத் தோட்டம் தெரிந்தாலும். கோயம்புத்தூரிலிருந்து வேளாண் நிபுணர் ஒருவர் தொலைபேசியில் வந்து, மலைத் தோட்டத்து கேரட்டில் வரும் அழுகலைப் பற்றிக் குன்னூர் ஸ்டுடியோவில் இருப்பவரோடு பேசினால் பொருளும் இடமும் சேர்ந்து இரண்டு, உள்ளூர்தான். படுகப் பாட்டு சமவெளி ஸ்டுடியோவில் பதிவாகியிருந்தாலும், பாடியவர் மலைக்காரராக இருந்தால் மொழியும் ஆளும் காப்பாற்றும்.

நேயர் விருப்பம் பெரிய குழப்பம். கோத்தகிரியிலிருந்து ஒருவர் அழைத்து, பெயர் சொல்லி, பாட்டுக் கேட்டு, நன்றி சொல்லி வைக்கிறார். அந்த அழைப்புக்குப் பொருள் மதிப்பெண் இல்லை, பாட்டும் சேராது. அதே அழைப்பில் தங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) தண்ணீர் வரும் நாளைப் பற்றி 40 நொடி பேசினால் அந்த 40 நொடியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு நீளத்தையும் சேர்த்து நான்கரை நிமிடம் என்று எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் முறைகேடு.

விளம்பரம், நிலைய ஜிங்கிள், ‘இந்நிகழ்ச்சியை வழங்குவோர்’ அறிவிப்பு ஆகியவை எவ்வளவு உள்ளூர்க் கடையுடையதாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். மொத்த நிமிடத்தில் அவை இருக்கும். உள்ளூர் நிமிடத்தில் இருக்காது. ஆட்சியர் அலுவலக அறிவிப்பு உள்ளூர்தான்; ஆனால் ஒரே அறிவிப்பு மாறாமல் நாளுக்குப் பன்னிரண்டு முறை ஒலித்தால் முதல் மூன்றை மட்டும் எண்ணுங்கள். மறுஒலிபரப்புக்கு நாளொன்றுக்கு 20 நிமிட உச்சவரம்பு போதும். உச்சவரம்பு இல்லாவிட்டால் திங்களன்று தயாரித்த ஒரு மணி நேரம் வெள்ளி வரை ஓடும்.

‘உள்ளூர்’ எது வரை?

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பண்பலை நேர்க்கோட்டில் போகும் அலை. கிழக்கு விளிம்பில் நல்ல உயரத்தில் ஆன்டெனா வைத்தால் மேட்டுப்பாளையமும் அதற்கப்பாலும் தெளிவாகக் கேட்கும். மேற்கே மலைமுகடு தாண்டியிருக்கும் கூடலூருக்கு எட்டாமல் போகலாம். கொடைக்கானல் மலைமேல் இருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆகாசவாணியின் கோடை பண்பலை, சமவெளியின் பல மாவட்டங்களில் கேட்கப்படுவதற்கும் இந்த உயரம்தான் காரணம். அது அரசு ஒலிபரப்பு. விளம்பரத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. தனியார் நிலையத்துக்கு இதே உயரம் ஆபத்து. விளம்பரம் தரும் பெரிய கடைகள் சமவெளியில் இருக்கும். விற்பனைப் பிரிவு முதல் ஆண்டே சமவெளியை நோக்கிப் பேசச் சொல்லும். இரண்டாம் ஆண்டில் போக்குவரத்துத் தகவலே மலைப்பாதையை விட்டுச் சமவெளிச் சாலைகளுக்கு இறங்கிவிடும்.

ஆகவே அளவுகோலில் தெளிவாக எழுதுங்கள்: ‘உள்ளூர்’ என்பது அலை எட்டும் பரப்பு அல்ல, நீலகிரி மாவட்டம். பிறகு ஒரு வானொலிப் பெட்டியோடு வண்டியில் சுற்றுங்கள்: வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, உதகை, கோத்தகிரி, பர்லியாறு, கொலக்கம்பை, மஞ்சூர். எங்கே தெளிவு, எங்கே இரைச்சல், எங்கே ஒன்றுமில்லை என்று வரைபடத்தில் குறியுங்கள். தெளிவாகக் கேட்கும் ஊர்களுக்கு நாள்தோறும் ஏதாவது இருக்க வேண்டும். கேட்காத ஊரைப் பற்றிப் பேசினால் கணக்கு நிரம்பும், பயன் யாருக்கும் இல்லை.

மொழி, பாட்டு, சம்மதம்

தமிழகத்தில் அழிவுநிலைப் பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன. படுகர்கள் ஹட்டிகளில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். மலையாளமும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள வீடுகளும் உண்டு. இத்தனையையும் ஒரே ஆர்.ஜே. தன் கல்லூரித் தமிழில் நடத்த முடியாது. படுக மொழிக்கு ஒருவரை முழுநேரமாகவும், பழங்குடி மொழிகளுக்கு அந்தந்தச் சமூகத்திலிருந்து பகுதிநேரமாக இருவரையும் எடுப்பது குறைந்தபட்சம். தோட்டத் தொழிலாளர் நிகழ்ச்சியை லைன் வீடுகளில் வளர்ந்த ஒருவர் நடத்தட்டும்.

பாட்டு உரிமையில் பலர் சறுக்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது. உரிய தொகை கட்டி, முன்னறிவிப்புக் கொடுத்து ஒலிபரப்ப அது நிலையங்களுக்கு வழி தருகிறது. ஆனால் ஏற்கெனவே வெளியான படைப்புகளுக்கு மட்டும். உங்கள் நிருபர் ஒரு ஹட்டியிலோ தோடர் குடியிருப்பான மந்திலோ போய்ப் பதிவுசெய்த பாட்டு ‘வெளியான படைப்பு’ ஆகாது. பாடியவரிடம் நேரடியாகச் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும்: பாடியவர் பெயர், ஊர், பாட்டின் வகை, எத்தனை முறை ஒலிபரப்பலாம், எவ்வளவு தொகை, இணையத்தில் ஏற்றலாமா கூடாதா. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவுசெய்து அதே கோப்போடு வையுங்கள்.

தாளில் கையெழுத்து இருந்தாலும் தீராத விஷயம் ஒன்று உண்டு. கோத்தர்களிடம் கோயில் காரியத்துக்கு வாசிக்கும் இசை வேறு, சாவுச் சடங்குக்கு வாசிக்கும் இசை வேறு. அந்த வேறுபாடு தெரியாத ஒருவர் சாவு இசையைக் காலை 7 மணிக்கு ‘மலையின் இனிய இசை’ என்று போட்டுவிட்டால், அந்தக் கிராமம் அதன்பின் நிலையத்தை வாசலில் சேர்க்காது. பதிவு செய்யும்போதே கேளுங்கள்: எந்தச் சமயத்துக்கானது, யார் கேட்கலாம், எந்த நாளில் ஒலிக்கக் கூடாது. பதிலைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்; தனி நோட்டில் எழுதினால் ஒலிபரப்பு அறைக்கு அது வந்து சேராது.

செய்தி கூடாது; எது கூடும்?

தனியார் பண்பலை தானே செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணிச் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். அதை உள்ளூர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் உள்ளூர் விஷயம் பேசவே வழியில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் வழி அகலமானது. போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, விளையாட்டுத் தகவல் ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் பொது அறிவிப்புகளும் அப்படியே. மலையில் ஒரு வீட்டுக்கு அன்றாடம் தேவையானதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது.

எல்லைக்கோடு எங்கே என்று ஆர்.ஜே.க்களுக்கு எடுத்துக்காட்டோடு கற்றுக்கொடுங்கள். ‘பர்லியாறு அருகே பாதையில் மண் சரிந்துள்ளது, மாவட்ட நிர்வாகம் அறிவித்தபடி வாகனங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படுகின்றன’ என்பது போக்குவரத்துத் தகவல். ‘தடுப்புச் சுவர் ஏன் கட்டவில்லை, யார் பொறுப்பு?’ என்று விவாதம் தொடங்கினால் நடப்பு விவகாரத்துக்குள் கால் வைத்தாயிற்று. பேரிடர் அறிவிப்புக்கு ஒரு கூடுதல் கட்டுப்பாடு இருக்கிறது: அது நிர்வாகம் தந்ததாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் தகவல் ஆதாரம் ஆகாது. ஆட்சியர் அலுவலகம், நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை, மின்வாரியம் ஒவ்வொன்றிலும் யார் அதிகாரபூர்வமாகத் தகவல் தருவார் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். தகவல் வந்த நேரம், தந்தவர் பதவி இரண்டையும் கியூ ஷீட்டில் (அன்றைய ஒலிபரப்பு வரிசைப் பட்டியலில்) குறியுங்கள். யானை நடமாட்டம், உறைபனி, பலத்த மழை எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஒரு நாள் கணக்கு

24 மணி நேர நிலையத்துக்கு 288 நிமிடம் தேவை என்றால் 288க்குத் திட்டமிடாதீர்கள். 320 வரை திட்டமிடுங்கள். ஒரு மாதிரி இதோ.

காலை 6 முதல் 10 வரை மணிக்கு 14 நிமிட உள்ளூர்ப் பேச்சு: 56. மாலை 5 முதல் 9 வரை மணிக்கு 12 நிமிடம்: 48. தேயிலை, காய்கறி நிலவரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 6 நிமிடம்: 18. சாலை, வானிலைத் தகவல் காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கொரு முறை, ஒன்றரை நிமிடம் வீதம் 16 முறை: 24. படுக மொழி நிகழ்ச்சி 45. பழங்குடி மொழி நிகழ்ச்சி 30. உள்ளூர் இசை 50. பள்ளி, ஹட்டி, தோட்டம் எனக் களத்திலிருந்து நேர்காணல் 30. மறுஒலிபரப்பு 20. கூட்டினால் 321 நிமிடம், 22.3 சதவீதம்.

அந்த 33 நிமிடம் உபரி எதற்கு? மழைக்காலத்தில் ஒரு நாள் காலை 6 முதல் 10 வரை மின்சாரமும் ஜெனரேட்டரும் ஏமாற்றிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஒலிபரப்பு 1,200 நிமிடமாகக் குறையும். தேவை 240 ஆகும். ஆனால் காலைப் பேச்சு 56, நிலவரம் 6, சாலைத் தகவல் 6 என 68 உள்ளூர் நிமிடங்களும் போயிருக்கும். 321 திட்டமிட்டவரிடம் 253 மிஞ்சும், 21.1 சதவீதம், தப்பித்தார். 288 மட்டும் திட்டமிட்டவரிடம் 220 மிஞ்சும், 18.3 சதவீதம். ஒலிபரப்பு நின்றால் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும் என்று நினைப்பது தவறு. உள்ளூர் நிமிடங்கள் காலையிலும் மாலையிலும் குவிந்திருக்கின்றன; அடி அங்கேதான் பலமாக விழும்.

தேயிலை நிலவரத்தை யாரோ சொன்ன விலையாக வாசிக்காதீர்கள். குன்னூர் ஏல மையத்தில் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. பசுந்தேயிலைக்கான மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. இரண்டும் வேறு: முன்னது தூளின் விலை, பின்னது இலையின் விலை. குழப்பி வாசித்தால் சிறு விவசாயி மறுநாள் தொழிற்சாலை வாசலில் போய்த் தகராறு செய்வார். கேரட், உருளை, பீட்ரூட் விலைக்கு மேட்டுப்பாளையம் மண்டியின் அன்றைய நிலவரத்தைத் தேதியோடும் தரத்தோடும் சொல்லுங்கள்.

நாட்காட்டியை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிரப்புங்கள்: ஜனவரியில் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா, மே மாதத்தில் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, கோடை சீசனில் மலைப்பாதைகளின் ஒருவழி மாற்றம், உதகை செல்வோருக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், மழைக்காலத்தில் மலை ரயில் ரத்து, குளிர்காலத்தில் உறைபனி. சீசனில் ஒரு எச்சரிக்கை: ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்ச்சி முழுவதும் சுற்றுலாப் பயணியைப் பார்த்துத் திரும்பிவிடும். பயணிக்குச் சொல்லும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்கேயே குடியிருப்பவருக்கு ஒரு நிமிடம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் மருத்துவமனைக்குப் போகும் மாற்றுவழி அவருக்குத்தான் வேண்டும்.

களப் பதிவு பற்றிச் சில வரிகள். லைன் வீடுகளின் தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு எதுவும் தேறாது; பள்ளிக் கட்டடத்திலோ ஓட்டுக் கூரையின் கீழோ பதிவுசெய்யுங்கள். காற்றுக்கு மைக்கின் மேல் நுரை உறை போதாது, மயிர் உறை வேண்டும். குளிரிலிருந்து கருவியை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் மைக்கில் ஈரம் படியும். பைக்குள்ளேயே அரை மணி விட்டுப் பிறகு திறங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

பதிவேடும் ஒலிச்சான்றும்

கியூ ஷீட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நீளம் நொடியில், மொழி, குரலுக்குரியவர், பதிவான இடம், நான்கு மதிப்பெண், முதல் ஒலிபரப்பா மறுஒலிபரப்பா. நிமிடத்தில் எழுதினால் ஆர்.ஜே. எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குவார். பாட்டுகளுக்கு இடையே அவர் பேசும் 80 நொடி லிங்க் ‘2 நிமிடம்’ ஆகும். நாளுக்கு முப்பது லிங்க்கில் 20 நிமிடம் காற்றில் முளைத்துவிடும். மதிப்பெண்ணை ஆர்.ஜே. போடக் கூடாது, மறுநாள் காலையில் வேறொருவர் போடட்டும்.

கியூ ஷீட் திட்டத்தைத்தான் சொல்லும். உண்மையில் என்ன ஒலித்தது என்பதற்கு ஒலிப்பதிவுதான் சான்று. அதை ஸ்டுடியோ மிக்சரிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பண்பலை ரிசீவரைத் தனி ஆன்டெனாவில் பொருத்தி, காற்றில் வருவதைப் பதிவுசெய்யுங்கள். மிக்சரில் ஒலித்து டிரான்ஸ்மிட்டர் நின்றுபோன நேரமும் அப்போதுதான் பிடிபடும். 64 கிலோபிட் மோனோ எம்.பி.3 போதும்: மணிக்கு 28.8 மெகாபைட், நாளுக்கு ஏறத்தாழ 691 மெகாபைட், 90 நாளுக்கு 62 கிகாபைட்டுக்குச் சற்று மேல். மணிக்கொரு கோப்பு, பெயரில் தேதியும் நேரமும். சமூக வானொலி விதிகள் ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாக்கச் சொல்கின்றன. தனியார் நிலையமும் அதற்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. இரண்டு பிரதி வேண்டும். ஒன்று வேறு கட்டடத்தில். மலை ஈரம் ஹார்ட் டிஸ்க்குகளைத் தின்றுவிடும்.

வழக்கமாக எங்கே கெடுகிறது என்றால் கடிகாரத்தில். ஆட்டோமேஷன் கணினி ஒரு நேரம், பதிவுக் கணினி ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம். மாதத்தில் இரண்டு மூன்று நிமிடம் பிசகினால் எந்த லிங்க் எந்த வரிக்குரியது என்றே பொருத்த முடியாமல் போகும். எல்லாக் கணினியையும் இணைய நேரச் சேவையோடு இணைத்து, வாரம் ஒருமுறை ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். அடுத்த பிசகு, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பும் குரல். ‘மலைமேல் நல்ல குளிர்’ என்று அவர் சொல்லும் நேரத்தில் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நிகழ்ச்சியை எங்கே பதிவுசெய்தது என்ற கட்டம் கியூ ஷீட்டில் கட்டாயம் இருப்பது இதற்காகத்தான்.

வெளியிலிருந்து அளப்பவர்களுக்கு

விவசாயிகள் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ கல்லூரி மாணவர்களோ இதைச் செய்யலாம். ஹெட்போன் துளையுள்ள சிறு வானொலி, 3.5 மில்லிமீட்டர் வயர், மடிக்கணினி, அவுடாசிட்டி போன்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. வானொலியை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் திசை ஜன்னலில் வையுங்கள். ஒரு வாரம் இடைவிடாமல் பதிவுசெய்தால் 64 கிலோபிட்டில் 5 கிகாபைட்டுக்குள் அடங்கும்.

168 மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டாம். ஒவ்வொரு மணியையும் நான்கு 15 நிமிடத் துண்டாக்கி, சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். நாளுக்கு 24 துண்டு, 360 நிமிடம். அதில் கிடைத்த உள்ளூர் நொடிகளை நான்கால் பெருக்கினால் அந்த நாளின் மதிப்பீடு. ‘எப்போதும் முதல் கால் மணி’ என்று எடுக்காதீர்கள். நிலையங்கள் உள்ளூர்ப் பேச்சை மணியின் தொடக்கத்தில் வைப்பது வழக்கம், கணக்கு வீங்கிவிடும். ஒரே துண்டை இருவர் தனித்தனியாக அளந்து பாருங்கள். கணிசமாக வேறுபட்டால் கேட்பவர் மேல் தவறில்லை, வரையறை தெளிவாக இல்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மாதிரி முறை சந்தேகத்துக்குரிய நாளைக் காட்டும்; புகாருக்கு அது போதாது. விதி நாளைப் பற்றியது என்பதால், குறைவாகத் தெரியும் இரண்டு நாளை 24 மணி நேரமும் முழுமையாக அளந்தாக வேண்டும். பிறகு முதலில் நிலையத்துக்கே எழுதுங்கள்: தேதி, மொத்த நிமிடம், உள்ளூர் நிமிடம், நீங்கள் பயன்படுத்திய வரையறை, அவர்களுடைய வரையறையைக் கேட்கும் ஒரு வரி. பதில் இல்லையென்றால், அல்லது வரையறையே இல்லையென்றால், இதே தாளோடு ஒலிப்பதிவையும் இணைத்து மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். ‘உள்ளூர் நிகழ்ச்சியே வருவதில்லை’ என்று பொதுவாக எழுதிய கடிதத்தால் ஒன்றும் நகராது. ‘இந்தத் தேதியில் 1,440 நிமிடத்தில் 131 நிமிடம், மணிவாரியான பட்டியல் இணைப்பில்’ என்று எழுதினால் நிலையம் தன் கியூ ஷீட்டை எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டிவரும்.